இத்தாலிக்காரி கனகக்கா

கனகாம்பிகை என்ற முழுப்பெயர் கடவுச்சீட்டில் மட்டும்தான் இருந்தது. லண்டன் நோர்பரியில் எங்கள் தெருவுக்கு அவர் கனகக்கா. தமிழ்ச் சங்கத்து ஆண்கள் தங்களுக்குள் வைத்திருந்த பெயர் ‘இத்தாலிக்காரி’. கேலியாக வைத்த பெயர்தான். பிறகு கேலி கழன்றுபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நான் அவருக்கு அடுத்த வீட்டுக்காரி. 1995ஆம் ஆண்டுக் கோடையில் சங்கம் ஒழுங்கு செய்த ஐரோப்பியப் பயணத்தில் அதே கோச் பஸ்ஸில் போனவள். ஆகவே இதில் பாதி நான் கண்ணால் கண்டது. மீதி, பின்வளவில் உடுப்புக் காயப்போடும்போது வேலிக்கு மேலால் அவர் எனக்குச் சொன்னது.

கனகக்கா 1986 பங்குனியில் இரண்டு பெண்பிள்ளைகளோடு லண்டன் வந்தார். கணவர் பாலேந்திரா அண்ணை இரண்டு வருடம் முந்தியே வந்து ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கதை குறைந்த மனுசன். வீட்டில் இரண்டு பேருக்குமான கதையைக் கனகக்காவே கதைத்து முடிப்பார். யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையில் ஒரு கூறு கத்தரிக்காய்க்கு அரை மணித்தியாலம் பேரம் பேசி, கடைசியில் விற்கிறவளையும் சிரிக்கவைத்துவிட்டு வருகிற ஆள். அப்பேர்ப்பட்டவருக்கு லண்டனில் வாய் கட்டிப்போனது.

ஆங்கிலம் வரவில்லை. கவுன்சில் நடத்திய வகுப்புக்கு மூன்று கிழமை போனார். ரீச்சர் நல்ல பெண்தான். ஆனால் எல்லாருக்கும் முன்னால் எழுப்பிவிட்டு, இன்றைக்கு வானிலை எப்படி என்று கேட்பார். யன்னலுக்கு வெளியே மழை கொட்டுவது கனகக்காவுக்குத் தெரியும். அதைச் சொல்ல ஒரு சொல் வராது. நாலாம் கிழமை அவர் போகவில்லை.

அடுத்த வருடம் பெரிய றோட்டில் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் வேலை கிடைத்தது. குசினியில் மரக்கறி வெட்டுவதும் சட்டி கழுவுவதும். குசினிக்குப் பொறுப்பு லூச்சானா என்ற பெண். கனகக்காவின் வயதுதான் இருக்கும். இத்தாலியில் ஒரு மலைக்கிராமத்திலிருந்து கலியாணம் கட்டி வந்து பதினைந்து வருடமாகியும் அவளுக்கும் ஆங்கிலம் பிடிபடவில்லை.

முதல் நாளே ஒரு கூத்து. லூச்சானா அடுப்படியில் நின்று, “ஓலியோ, ஓலியோ” என்று கையை நீட்டினாள்.

“உள்ளியோ?” என்று கேட்டுக்கொண்டு கனகக்கா ஒரு முழு உள்ளிப்பூண்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

லூச்சானா தலையில் அடித்துக்கொண்டு எண்ணெய்ப் போத்தலைக் காட்டினாள். ஓலியோ என்றால் எண்ணெய். உள்ளிக்கு அவர்கள் ஆல்யோ என்பார்கள். ஒருத்தி கையில் உள்ளியும் மற்றவள் கையில் எண்ணெயுமாக நின்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முதலாளி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாராம்.

அப்படித்தான் தொடங்கியது. வெங்காயம், தண்ணீர், கத்தி, கெதியா, மெல்ல, போதும், இஞ்சை வா. ஒரு நாளைக்கு ஐந்தாறு சொல். வகுப்பில் வராத சொல்லெல்லாம் வெங்காயம் வெட்டும்போது தானாக வந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிழையாகச் சொன்னால் லூச்சானா சிரிப்பாள், ஆனால் எழுப்பி நிறுத்திக் கேட்கமாட்டாள். வானொலி முழு நாளும் இத்தாலி மொழியில் ஓடும். லூச்சானாவின் மாமியார் செய்த கொடுமைகளும் அதே மொழியில் ஓடும். லூச்சானா இடைக்கிடை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் கலந்துதான் பேசுவாள். அதில் எது இத்தாலி எது ஆங்கிலம் என்று பிரிக்கக் கனகக்காவுக்கு அப்போது தெரியாது.

அந்தத் தெரியாமை ஒருநாள் அவரை நன்றாக வெட்கப்படுத்தியது. மூத்தவளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. இந்த முறை நானே கதைக்கிறேன் என்று கனகக்கா துணிந்து போனார். வகுப்பாசிரியை மகளைப் புகழ்ந்து பேசினார். கனகக்கா நிமிர்ந்து இருந்து, மனதுக்குள் பழகிக்கொண்டு வந்த ஒரு முழு வசனத்தைச் சொன்னார். ஆசிரியை புன்னகை மாறாமல் மகளைப் பார்த்தார். மகள் குனிந்து காதுக்குள் சொன்னாள்.

“அம்மா, இது இங்கிலீஷ் இல்லை.”

அன்று இரவு கனகக்கா சாப்பிடவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போய், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வருவதாகத்தான் எண்ணம். லூச்சானா அவர் முகத்தைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, என்ன நடந்தது என்றாள். கனகக்கா சொல்லத் தொடங்கினார். பள்ளிக்கூடம், ஆசிரியை, மகளின் முகம், பஸ்ஸில் வரும்போது இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் வந்தது. அழுது அழுது எல்லாவற்றையும் சொல்லி முடித்து மூக்கைத் துடைக்கும்போதுதான் அவருக்கே விளங்கியது, இவ்வளவையும் தான் இத்தாலியில் சொல்லியிருக்கிறார் என்று. முழுக் கதையை, மனதில் இருந்தது இருந்தபடி.

“அண்டைக்கு முடிவெடுத்தன், பிள்ளை” என்று எனக்குச் சொன்னார். “ஏதோ ஒரு பாஷை வாய்க்குள்ளை வந்து குந்திட்டுது. அதை ஏன் துரத்துவான்? இருக்கட்டும்.”

எட்டு வருடம் இருந்தது. ஆங்கிலமும் பிறகு கடைக்குப் போய் வருமளவுக்கு வந்துதான் விட்டது. ஆனால் நோர்பரித் தமிழருக்குள் விஷயம் பரவிவிட்டது. “லண்டனிலை இருந்துகொண்டு இத்தாலி படிச்ச ஆள்” என்பார்கள். அதிகம் சொன்னவர் தியாகராஜா அண்ணை. அவர் கணக்காளர், சங்கத்தின் செயலாளர். கெட்ட மனிதர் என்று ஒருவரும் சொல்ல ஏலாது. யாருக்கு ஹோம் ஒஃபிஸ் குடிவரவுப் பிரிவிலிருந்து கடிதம் வந்தாலும் இரவிரவாக இருந்து பதில் எழுதிக் கொடுப்பார். அவருடைய ஆங்கிலத்தில் அவருக்கு ஒரு பெருமை, அவ்வளவுதான். நவராத்திரி வாணி விழாவில் கனகக்காவைக் கண்டால் விடமாட்டார். “என்ன இத்தாலிக்காரி, அவல் மட்டும்தானோ? பிட்சா கொண்டுவரேல்லையோ?”

கனகக்காவும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவார். அது எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

1995 ஆவணியில் கோச் புறப்பட்டது. நாற்பத்தாறு பேர். பாரிஸ், சுவிஸ், இத்தாலி, கடைசியில் ரோமாபுரி. தியாகராஜா அண்ணை எல்லாவற்றையும் அச்சடித்துக் கையில் தந்திருந்தார். எந்த நாள் எத்தனை மணிக்கு எங்கே நிற்பது, எங்கே சிறுநீர் கழிப்பது என்பது வரைக்கும். முன் இருக்கையில் ஒலிவாங்கியோடு அவர். பின்னால் நாங்கள், றோல்ஸ் பெட்டிகளும் தேத்தண்ணிப் போத்தல்களுமாக. எனக்குப் பக்கத்தில் தனியே வந்திருந்த பிலோமினம்மா. பாஷையூர்க் கத்தோலிக்கர், எழுபத்திரண்டு வயது, பார்வை கொஞ்சம் குறைவு, வெள்ளைச் சேலை தவிர வேறு கட்டமாட்டார். சாகமுதல் ரோமாபுரியைப் பார்த்துவிட வேண்டும் என்று வந்தவர்.

இத்தாலிக்குள் நுழைந்ததும் தியாகராஜா அண்ணை ஒலிவாங்கியில் சொன்னார். “கனகம், உங்கடை ஊர் வந்திட்டுது. இறங்கிப் போறதெண்டால் சொல்லுங்கோ.”

கோச் முழுக்கச் சிரிப்பு. பாலேந்திரா அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோமாபுரிக்குப் போகும் வழியில் மொந்தெஸ்கூரோ என்ற ஒரு மலையூரில் நிற்பதாக அட்டவணையில் இருந்தது. செங்குத்தான பாறைக்கு மேலே ஒரு ஊர். அந்தப் பாறை மென்மையான கல். இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக அந்த ஊர்ச் சனங்கள் தங்கள் வீடுகளுக்குக் கீழே தோண்டித் தோண்டிக் குகைகள் அமைத்திருக்கிறார்கள். மேலே ஒரு ஊர், கீழே இன்னொரு ஊர். அதை வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம். பதினொரு மணிக்கு ஆங்கிலத்தில் சுற்றிக்காட்டுவதற்கு அண்ணை லண்டனிலிருந்தே ரெலிபோனில் பதிவு செய்திருந்தார்.

நெடுஞ்சாலையில் ஒரு விபத்து. இரண்டு மணித்தியாலம் அசையாமல் நின்றோம். மலையேறிப் போய்ச் சேர ஒரு மணியாகிவிட்டது. ரிக்கற் கொடுக்கும் மேசையில் இருந்தவர் கடிகாரத்தைக் காட்டினார், கையை விரித்தார். ஆங்கிலம் பேசும் வழிகாட்டி வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். எங்களைக் கூட்டிப்போக மிச்சம் இருந்தவள் ஓர்னெல்லா என்ற இளம்பெண். அவளுக்கு இத்தாலி மட்டும்தான்.

தியாகராஜா அண்ணை தன் பதிவுக் கடிதத்தை எடுத்து நீட்டி நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார். அவர்களுக்கு விளங்கவில்லை. இன்னும் நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகு அதையே சத்தமாகச் சொன்னார். ஓர்னெல்லா இரண்டு கையையும் அசைத்து என்னவோ நீளமாகச் சொன்னாள். வெயில் உச்சியில். பிலோமினம்மா மதில்கட்டில் இருந்துவிட்டார். பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுதன.

“சரி, ஏலாது போலை. கோச்சிலை ஏறுங்கோ எல்லாரும்” என்றார் தியாகராஜா அண்ணை. முகம் கறுத்துவிட்டது.

வரிசையின் கடைசியில் நின்ற கனகக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார். “அந்தப் பிள்ளை ஏலாது எண்டு சொல்லேல்லை.”

“என்ன சொன்னவ அப்ப?”

“கீழை வழி கன பக்கம் பிரியுதாம். சொல்லுறது விளங்காத ஆக்களைக் கூட்டிக்கொண்டு போனால் ஆரும் துலைஞ்சு போவினமாம். பயமாம். சொல்லுறதை விளங்கப்படுத்த ஒரு ஆள் இருந்தால் கூட்டிக்கொண்டு போவன் எண்டுது.”

“அக்கா, அப்ப போய்ச் சொல்லுங்கோவன்!”

அவர் அசையவில்லை. அப்போதுதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பாலேந்திரா அண்ணை கனகக்காவின் தோளில் தொங்கிய கைப்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, “போ” என்றார். ஒரே ஒரு சொல்.

கனகக்கா நாற்பத்தைந்து பேரையும் விலத்திக்கொண்டு முன்னுக்குப் போனார். போய் நின்று வாயைத் திறந்தார். குசினி இத்தாலி அது. லூச்சானாவின் இத்தாலி. கையும் சேர்ந்து பேசியது, புருவமும் சேர்ந்து பேசியது. ஓர்னெல்லாவின் கண் விரிந்தது. பிறகு சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ரிக்கற் மேசைக்காரரும் எழும்பி வந்து சேர்ந்துகொண்டார். நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். எட்டு வருடமாக எல்லோரும் சிரித்த விஷயத்தை ஒருவரும் அதுவரை காதால் கேட்டதில்லை.

கனகக்கா எங்கள் பக்கம் திரும்பினார்.

“ஒருத்தரும் கூட்டத்தை விட்டு விலகக்கூடாது. சுவரைத் தொடக்கூடாது. தலையைக் குனிஞ்சு வாங்கோ, கல்லு முட்டும். நான்தான் பொறுப்பு எண்டு சொல்லியிருக்கிறன். என்ரை மானத்தை வாங்கிப்போடாதையுங்கோ.”

படியிறங்கினோம். நாலு படிக்குள் வெயில் போய்விட்டது. பத்துப் படிக்குள் உடம்பு குளிர்ந்தது. சுவர் மஞ்சளும் பழுப்புமாக, உளி போன தடம் அப்படியே தெரிந்தது. மின்குமிழ்கள் தூரத் தூர எரிந்தன. ஓர்னெல்லா சொல்லச் சொல்ல, கனகக்கா ஒரு நொடி பொறுத்து, தமிழில் சொன்னார். அந்தக் குகைக்குள் அவருடைய குரல் எங்கோ போய் மோதித் திரும்பி வந்தது.

முதல் குகையில் இரண்டு பெரிய வட்டக்கல். கனகக்காவுக்கு விளக்கவே தேவைப்படவில்லை. “செக்கு” என்றார். “கழுதையைக் கட்டி ஆட்டினதாம். ஒலிவ் எண்ணெய்.” ஓலியோ என்ற சொல்லை அவர் எவ்வளவு நன்றாக அறிவார்!

அடுத்த குகையில் சுவர் முழுக்கச் சதுரம் சதுரமாக நூற்றுக்கணக்கான பொந்துகள். ஓர்னெல்லா சொன்ன சொல் கனகக்காவுக்குத் தெரியவில்லை. அவர் மறைக்கவில்லை. “இந்தச் சொல் எனக்குத் தெரியாது, பொறுங்கோ” என்றுவிட்டு அவளிடம் திருப்பிக் கேட்டார். அவள் இரண்டு கையையும் சிறகு போல அடித்துக் காட்டினாள்.

“ஏதோ பறக்கிற கோழியாம்” என்றார் கனகக்கா.

“புறா!” என்று கூட்டத்துக்குள் ஒரு பிள்ளை கத்தினாள்.

“ஓம், புறா! புறா வளர்த்தவையாம். சாப்பிட.”

தியாகராஜா அண்ணை எனக்குப் பக்கத்தில் முணுமுணுத்தார். “சரியாத்தான் சொல்லுதோ, ஆர் கண்டது?”

ஏன் நிலத்துக்குக் கீழே புறா வளர்த்தார்கள் என்று யாரோ கேட்டார்கள். கனகக்கா கேள்வியை இத்தாலிக்கு மாற்றினார். ஓர்னெல்லா பதில் சொன்னாள். அதில் ஒரு சொல் மறுபடியும் விளங்கவில்லை. அவள் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். கையால் ஊரைச் சுற்றி ஒரு வட்டம் கீறினாள். கனகக்கா தலையசைத்துக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் அசைப்பதை நிறுத்திவிட்டார். எங்களைப் பார்த்தார்.

“ஊரைச் சுத்தி ஆமி வந்து நிண்டதாம். பாதையை மூடிப்போட்டாங்களாம். சாமான் ஒண்டும் உள்ளை விடேல்லையாம். அதுதான் சனம் கீழை இறங்கி இருந்ததாம். புறா வெளியிலை பறந்துபோய்த் தானே இரை தேடித் திண்டிட்டு வருமாம்.”

அந்தக் கூட்டத்தில் யாழ்ப்பாணத்தில் தாயோ தகப்பனோ சகோதரமோ இல்லாதவர் ஒருவரும் இல்லை. அந்த மாதம் போரில் அங்கேயும் பாதை மூடித்தான் கிடந்தது.

பின்னால் நின்ற ஒரு பெண் கேட்டார். “எத்தினை மாசமாம்?”

“ஏழு மாசமாம்.”

“மண்ணெண்ணெய் இருந்ததோ எண்டு கேளுங்கோ.”

கனகக்கா கேட்டார். ஓர்னெல்லா குழம்பிப்போய், அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் ஏது, ஒலிவ் எண்ணெயில்தான் விளக்கு என்றாள். கேள்விகள் நிற்கவில்லை. உப்பு எப்படி வந்தது? பிள்ளைப்பேறு பார்த்தது ஆர்? கிணறு எங்கே? இவ்வளவு கேள்வி கேட்கிற கூட்டத்தை அவள் கண்டதில்லை. பாடம் ஒப்புவிப்பதை விட்டுவிட்டு, தன்னுடைய பூட்டியிடம் கேட்ட கதைகளைச் சொல்லத் தொடங்கினாள். கிணற்றைக் காட்டினாள். ஒரு ஆள் மட்டும் இறங்கக்கூடிய ஒடுங்கிய துவாரம், எண்பது அடி ஆழம், இரண்டு பக்கச் சுவரிலும் கால் வைக்கக் குழி. நூல் பிடித்த மாதிரி நேராகக் கீழே போனது. தோண்டிய மனிதர்களை எண்ணிக் கொஞ்ச நேரம் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஏழு மாதம் கழித்து என்ன நடந்தது என்று தியாகராஜா அண்ணைதான் கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி அது.

கனகக்கா பதிலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஆமி களைச்சுப்போய்ப் போட்டாங்களாம். சனம் மேலை ஏறி வந்து விருந்து வைச்சதாம்.”

குகைக்குள் கைதட்டல் கிளம்பியது. ஓர்னெல்லாவுக்கு எதற்கென்று விளங்கவில்லை. ஆனாலும் அவளும் தட்டினாள்.

படியேறி வெளியே வந்து ஆட்களை எண்ணினோம். நாற்பத்தைந்து. மறுபடியும் எண்ணினோம். நாற்பத்தைந்து. பிலோமினம்மாவைக் காணவில்லை.

என் பக்கத்தில் வந்தவர். கிணற்றை எட்டிப் பார்த்தபோது அவர் கையை நான் விட்டுவிட்டேன். தியாகராஜா அண்ணை கல்லில் இருந்துவிட்டார். “அவவின்ரை மோளுக்கு நான் என்ன சொல்லுவன்?” என்றார். ஓர்னெல்லாவின் முகம் வெளிறிவிட்டது.

கனகக்காவுக்கும் பயம்தான். ஆனால் அவர் யோசித்தார். “நாங்கள் கிணத்தடியிலை நிக்கேக்கை ஒரு இத்தாலிக் கூட்டம் எங்களைக் கடந்து போனது. வயசான சனங்கள். பிலோமினம்மாவுக்குப் பார்வை குறைவு. கூட்டம் நடக்குது எண்டு அவையோடை நடந்திருப்பா.”

அதை ஓர்னெல்லாவிடம் சொன்னார். மூன்று வாசல் இருக்கிறது என்றாள் அவள். இரண்டு வாசலுக்கு ரெலிபோன் எடுத்தாள். இல்லை என்றார்கள். மூன்றாவது, மலையின் அடிவாரத்தில். அங்கே ரெலிபோனை யாரும் எடுக்கவில்லை. “வா” என்றார் கனகக்கா, லூச்சானா அவரைக் கூப்பிடுகிற அதே சத்தத்தில். இரண்டு பேரும் திரும்பக் குகைக்குள் ஓடினார்கள். நான் பின்னால் ஓடினேன். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு கனகக்கா அந்தப் படிகளை இரண்டு இரண்டாக இறங்கினார். ஒவ்வொரு சந்தியிலும் நின்று, “பிலோமினம்மா!” என்று கூப்பிட்டார். குகைதான் பதில் சொன்னது.

கீழ்வாசலில் ஒரு காவல்காரக் கிழவர். கனகக்கா மூச்சு வாங்க அவரிடம் கேட்டார். கறுப்பு நிறம், சின்ன உருவம், வயதான அம்மா. அதுவரை வந்துவிட்டது. சேலைக்கு என்ன சொல்வது? லூச்சானாவின் குசினியில் சேலை என்ற பேச்சே வந்ததில்லை. கனகக்கா ஒரு கணம் தடுமாறி, பிறகு சொன்னார். “வெள்ளை மேசைவிரிப்புச் சுத்தின அம்மா.”

கிழவரின் முகம் மலர்ந்தது. “ஆ! மேசைவிரிப்பு அம்மாவா? உள்ளே இருக்கிறா.”

கதவுக்கு அப்பால் வைன் பீப்பாய்கள் அடுக்கிய ஒரு பெரிய குகை. நீண்ட மேசை. அதைச் சுற்றி இருபது இத்தாலியக் கிழவிகள். நடுவில் பிலோமினம்மா. முன்னால் பாணும் பாற்கட்டியும் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையும். எல்லார் கையிலும் செபமாலை. பிலோமினம்மா ‘அருள்நிறைந்த மரியே’யைத் தமிழில் பாதி சொல்ல, மீதியைக் கிழவிகள் இத்தாலியில் சொல்லி முடித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களைக் கண்டதும் பிலோமினம்மா செபத்தை நிறுத்தினார்.

“எங்கை பிள்ளையள் துலைஞ்சு போனீங்கள்? இவ்வளவு நேரமாத் தேடுறன். பாவம் இந்தச் சனங்கள்தான் துணைக்கு இருக்கினம்.”

கனகக்கா ஒரு கதிரையில் விழுந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே அழுதார். கிழவிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். யார் நீ, எங்கிருந்து வருகிறாய், எப்படி எங்கள் பேச்சைப் பேசுகிறாய்? அவர் சொன்னார். லண்டன், குசினி, லூச்சானா. லூச்சானாவின் கிராமத்தின் பெயரைச் சொன்னதும் ஒரு கிழவி எழும்பி வந்து கனகக்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்கு என்னவோ சொன்னாள். கனகக்கா சிவந்துபோய் எனக்கு மொழிபெயர்த்தார். “அது அவவின்ரை ஊருக்குக் கிட்டவாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என்னை அந்த ஊர்ப் பெட்டை எண்டுதான் நினைப்பாவாம்.”

மேலே வந்தபோது தியாகராஜா அண்ணை ஓடிவந்து பிலோமினம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு கனகக்காவின் பக்கம் திரும்பினார். பேச்சுக்குக் குறைவில்லாத மனிதருக்கு அன்று சொல் தேடவேண்டி வந்தது.

“கனகம், நான் பகிடியெண்டு நினைச்சுக் கன நாள் கதைச்சுப்போட்டன். என்னிலை பிழை.”

“அதை விடுங்கோ அண்ணை” என்றார் கனகக்கா. பிறகு, “இல்லை, விடவேண்டாம். கோச்சிலை வைச்சுச் சொல்லுங்கோ. பகிடியும் அங்கை வைச்சுத்தானே சொன்னனீங்கள்” என்றார்.

அவர் சொன்னார். ஒலிவாங்கியை எடுத்து, எல்லோருக்கும் கேட்க, நிமிர்ந்து நின்று சொன்னார். சொல்லிவிட்டு ஒலிவாங்கியைக் கனகக்காவின் கையில் கொடுத்து, முன் இருக்கையையும் விட்டுக்கொடுத்துப் பின்னால் போய் இருந்தார். “இனி ரோமிலை இத்தாலிக்காரிதான் முன்னுக்கு” என்று ஒருவர் கத்தினார். கோச்சே எழும்பி நின்று கைதட்டியது. பாலேந்திரா அண்ணை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முன்சீட்டிலிருந்த சாரதியின் தோளைத் தட்டி, “மை வைஃப்” என்றார்.

ரோமாபுரியில் நாலு நாள். கடைக்காரர், பொலிஸ்காரர், ஹோட்டல் முகாமையாளர் எல்லோரோடும் கனகக்காதான் பேசினார். ஹோட்டல் அறையில் சோறு காய்ச்சி மின்சாரம் நின்றுபோன விஷயத்தைக்கூட அவரே பேசித் தீர்த்தார். முகாமையாளர் கோபமாக வந்து, கறி ருசி பார்த்துவிட்டுப் போனார்.

லண்டன் திரும்பிய அடுத்த மாதம் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மாலைக் கல்லூரியில் இத்தாலி வகுப்பில் சேர்ந்தார். இந்த முறை எழுப்பிக் கேட்டால் பயமில்லை. இருக்கச் சொன்னால்தான் கரைச்சல். அந்த மொழியை எழுதப் படிக்கத் தெரியாத குறையை ஒரு வருடத்தில் தீர்த்தார். 1996 கோடையில் பரீட்சை எழுதி, வகுப்பிலேயே முதல் ஆளாகச் சித்தியடைந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் பெறுபேற்றுக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டு முன்னறையில் மாட்டினார்கள்.

அந்த நாட்களில் இத்தாலியில் சில வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பலெர்மோவில் வீட்டுவேலை செய்தவர்கள், கடையில் நின்றவர்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, வேலைக் கடிதம் எல்லாம் இத்தாலி மொழியில். ஈஸ்ட் ஹாமில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அப்படி ஒரு கட்டுக் காகிதத்தோடு ஒரு குடும்பம் வந்து இருந்தது. இத்தாலியும் தமிழும் தெரிந்த ஆள் லண்டனில் எங்கே கிடைக்கும் என்று வழக்கறிஞர் தியாகராஜா அண்ணையிடம் கேட்டிருக்கிறார்.

“ஒராள் இருக்கிறா” என்று அண்ணை சொன்னாராம். “என்ரை கூட்டத்தை ஒரு மலைக்குக் கீழை இருந்து எடுத்துக் குடுத்தவ.”

1997 தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கனகக்கா கூறைப்பெட்டியில் கிடந்த நல்ல பட்டுச் சேலையைக் கட்டி, அதற்கு மேல் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஈஸ்ட் ஹாமுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். செபமாலைமுத்து என்ற இளம் தகப்பன், மனைவி, இத்தாலியில் பிறந்த நாலு வயது மகள். தகப்பனோடு தமிழில் பேசினார். காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து இத்தாலியில் வாசித்தார். அருகில் இருந்த வழக்கறிஞருக்கு அதன் பொருளை ஆங்கிலத்தில் சொன்னார். அந்த ஆங்கிலத்தில் இலக்கணம் அங்கங்கே நொண்டியது. அவர் நிற்கவில்லை. விளங்காத இடத்தில், “பொறுங்கோ, இந்தச் சொல்லைப் பார்க்கவேணும்” என்று அகராதியை விரித்தார். நடுவில் அந்தச் சின்னப்பிள்ளை இத்தாலியில் தண்ணீர் கேட்டாள். தாய் தகப்பனுக்கு முந்திக் கனகக்கா எழும்பிப் போய் எடுத்துவந்தார்.

இரண்டரை மணித்தியாலம். முடிந்ததும் வழக்கறிஞர் எழுந்து கைகொடுத்து, அடுத்த கிழமையும் வரமுடியுமா என்று கேட்டார்.

“வாறன்” என்றார் கனகக்கா. பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.

வெளியே வந்தோம். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. நகைக்கடைகளும் சேலைக்கடைகளும் கடந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

“சரியான பசி பிள்ளை. காலமை பயத்திலை ஒண்டும் இறங்கேல்லை.”

இரண்டு வடையும் ஒரு தேத்தண்ணியும் எடுத்தார். அது முடிய இன்னும் இரண்டு வடை எடுத்தார். வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டே, அடுத்த கிழமைக்கு என்னென்ன சொல் பாடமாக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.